தோடி தாண்டுகிற இடம்

கும்பகோணம்,
மாசி 3.

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் நலம். அங்கு நீயும் மருமகளும் குட்டியும் நலமாக இருக்க கும்பேசுவரரை வேண்டிக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தாத்தாவின் நாதஸ்வரக் கேசட்டுகளிலிருந்து நான் பதிந்து கொடுத்த பன்னிரண்டு சி.டி.யும் உடையாமல் இருந்தன. கூட நீ எழுதி வைத்திருந்த சீட்டைத்தான் முதலில் படித்தேன். "திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு அம்மா, எந்த ஸ்டீரியோதான் தாங்கும்? தாத்தாவின் தோடி ஒவ்வொரு தடவையும் அறுந்துபோகிறது. மெக்கானிக் இதைக் கழற்றிவிட்டு பென் டிரைவ் போடுகிற மாதிரி புதியது மாட்டச் சொல்கிறார்" என்று எழுதியிருந்தாய். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஸ்டீரியோவை மாற்றுவது உன் விருப்பம். ஆனால் பாதையின் மேலும் பெட்டியின் மேலும் பழியைப் போடுவதற்கு முன்னால், அந்த சி.டி.க்களைப் பதிந்தவள் நான். என் கைவேலையை நான் பார்த்தாக வேண்டும். மூன்று நாளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

நம் கடைக்கு யாராவது "சி.டி. தாண்டுகிறது" என்று திருப்பிக் கொண்டுவந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி உனக்கு நினைவிருக்கும். ஒரே இடத்திலா, இடம் மாறி மாறியா? ஒரே இடம் என்றால் கோளாறு சி.டி.யில். இடம் மாறினால் வண்டியில், இல்லாவிட்டால் பெட்டிக்குள் சி.டி.யை வாசிக்கும் லென்ஸில். உன் சீட்டிலேயே பாதி விடை இருந்தது. ஏழாம் எண் சி.டி. 58ஆவது நிமிடத்திலிருந்து திக்குகிறது என்று நீயே குறித்திருக்கிறாய். வளைவில் ஏறும்போதும் 58, தாளவாடியில் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டபோதும் 58. மேடு பள்ளம் நிமிடம் பார்த்து வருவதில்லை, கண்ணு.

கிராமபோன் தட்டு வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே போகும். சி.டி. அதற்கு நேர்மாறு, நடுத்துளைக்குப் பக்கத்தில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் போகும். சுவாமி புறப்பாட்டின்போது தாத்தா வாசித்த கம்பீரநாட்டை மல்லாரி உள்வட்டத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு, வீதியில் நின்று நிதானமாக அவர் எடுத்த தோடி ஆலாபனை முழுவதும் விளிம்பில்தான் விழுந்திருக்கிறது. எந்த சி.டி.யிலும் முதலில் கெடுகிற இடம் விளிம்பு. விரல் படுவதும் அங்கே, வளைந்தால் அதிகம் ஆடுவதும் அங்கே.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். போன வருடப் பொங்கல் முடிந்து நீ கிளம்பிய அன்று, காலை 9 மணிக்குப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள் என்று அறிவிப்பு வந்திருந்தது. எட்டு மணிக்கு இன்னும் ஆறு சி.டி. பாக்கி. முதல் ஆறையும் முந்தின இரவு, பாட்டு ஓடுகிற வேகத்தைப் போல 16 மடங்கு வேகத்தில், ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு நிமிடம் கொடுத்துப் பொறுமையாகப் பதிந்திருந்தேன். மீதி ஆறில் பத்தாம் எண் தவிர ஐந்தையும் 48 மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டேன். ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்தில் முடிந்தது. ஆனால் 48 என்பது சி.டி. முழுக்க ஒரே வேகம் இல்லை. உள்வட்டத்தில் ஏறக்குறைய 20இல் தொடங்கி, விளிம்புக்குப் போகும்போதுதான் 48ஐத் தொடும். காலி சி.டி.க்குள் ஒரு சாயப்படலம் இருக்கிறது. லேசர் அதைச் சுட்டுச் சுட்டுத்தான் புள்ளிகளை வைக்கிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 1.6 மைக்ரான், ஒரு தலைமுடியின் பருமனுக்குள் சுமார் நாற்பது வரி. அவ்வளவு நெருக்கத்தில் அவசரப்பட்டால் புள்ளியின் முனை கூர்மையாக விழாது. கணினி அதையும் எப்படியோ வாசித்துவிடும். உன் காரில் இருக்கிற பழைய பெட்டி வாசிக்கத் திணறும். நான் பதிந்ததும் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு, சரி என்று பையில் வைத்தேன். கூடத்துப் பழைய பிளேயரில் கடைசிப் பத்து நிமிடத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

அதற்காக ஆகக் குறைந்த வேகம்தான் நல்லது என்றும் எண்ணிவிடாதே. இப்போது வருகிற காலி சி.டி.க்கள் வேகமான பதிவுக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை 1 மடங்கில் ஓட்டினாலும் புள்ளி சரியாக விழாது. 16 எனக்குக் கைகொடுத்த வேகம், அவ்வளவுதான்.

இன்னொன்று, அந்தக் காகித லேபிள். தாத்தாவின் பெயர், ராகம், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எல்லாம் எழுதி ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒட்டியிருந்தேன். ஒட்டியபோது எவ்வளவு அழகாக இருந்தது! பார்சலைப் பிரித்ததும் ஏழாம் எண்ணை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். லேபிளின் ஓரம் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்தது. "தோடி" என்று எழுதிய இடத்தில் மிளகு அளவுக்குக் காற்றுக் குமிழி. மேசைமேல் வைத்தால் ஒரு பக்கம் பலகையில் படாமல் நின்றது. கோடையில் சத்தியமங்கலத்தில் வண்டியை வெயிலில் நிறுத்துகிறாய். மூடிய காருக்குள் அடிக்கும் சூட்டில் காகிதம் ஒரு விதமாகச் சுருங்கும், சி.டி. வேறு விதமாக விரியும். நிமிடத்துக்கு 200 முதல் 500 சுற்று சுற்றுகிற பொருள் ஒரு பக்கம் கனத்தாலோ வளைந்தாலோ, லென்ஸ் அதைப் பின்தொடர முடியாமல் தடுமாறுகிறது. இரண்டு தவறில் எது என்று தெரிய வேண்டும் என்பதற்காக நேற்று இரண்டு சி.டி. புதிதாகப் பதிந்தேன். லேபிள் இல்லாமல் 48இல் பதிந்தது, கூடத்து பிளேயரில் கடைசி உருப்படியில் இரண்டு இடத்தில் தாண்டியது. 16இல் பதிந்து லேபிள் ஒட்டியது முதலில் சுத்தமாகப் பாடியது. அதை எதிர்வீட்டு வேனின் டாஷ்போர்டில் உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்துப் போட்டேன். அதுவும் ஓரத்தில் தாண்ட ஆரம்பித்தது. ஆக இரண்டும் என்னுடையதுதான்.

உன்னிடம் லேபிள் ஒட்டிய வேறு சி.டி. இருந்தால் உரித்துவிடாதே. பதிவு இருக்கும் படலம் லேபிள் பக்கத்தில்தான், மெல்லிய வார்னிஷுக்கு அடியில் இருக்கிறது. பளபளக்கும் அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் கனமான பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. மேல்பக்கத்துக்கு அது கிடையாது. உரித்தால் வெள்ளிப் படலமும் காகிதத்தோடு வந்துவிடும்.

இதை எட்டாம் எண் சி.டி.யில் கண்ணாரப் பார்த்தேன். குட்டி அதன் காலி இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு பூ வரைந்திருக்கிறாள். ஐந்து இதழ், நடுவில் ஒரு சுழி. டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தேன். இதழின் வளைவு முழுவதும் ஊசி முனை போல வெளிச்சம் வந்தது. பேனா அழுத்திய இடத்தில் எல்லாம் படலம் கிழிந்திருக்கிறது. அவளைத் திட்டாதே. அந்த சி.டி.யை நான் வைத்துக்கொள்கிறேன். அவளுக்கு சி.டி.யில் எழுதுவதற்கென்றே விற்கிற மெல்லிய முனை மார்க்கர் ஒன்றை வாங்கிக் கொடு, புதியவற்றில் பெயர் எழுதுகிற வேலையை அவளே செய்யட்டும்.

பத்தாம் எண் உன் பெட்டியில் ஏறவே இல்லை என்றாயே, அது அழித்து அழித்துப் பதிகிற வகை. கைக்கு வந்ததை எடுத்துவிட்டேன். சாதாரண சி.டி. திருப்பி அனுப்புகிற ஒளியில் மூன்றில் ஒரு பங்குகூட அது அனுப்பாது. பழைய பெட்டிகளுக்கு அது கண்ணுக்கே தெரியாது. உன் நண்பர் எம்.பி.3யாக நூறு பாட்டு போட்டுக் கொடுத்தது பாடாததற்குக் காரணம் வேறு. உன் பெட்டி ஆடியோ சி.டி.யை மட்டும் அறிந்த தலைமுறை.

இத்தனையும் சொன்ன பிறகு, பாதையையும் முழுக்க விட்டுவிட முடியாது. மூன்றாம் எண் சி.டி. இங்கே எந்த பிளேயரிலும் ஒரு இடத்திலும் தாண்டவில்லை. உனக்கு அது வளைவுகளில் மட்டும், ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தில் அறுகிறது என்றால் அது வண்டியின் பாடு. கடையில் வாங்கிய அச்சு சி.டி. ஒன்றைப் போட்டு அதே மலையில் ஏறிப் பார். அதுவும் தாண்டினால், பெட்டியின் பின்பக்கத்தைத் தாங்குகிற பட்டையும் திருகும் இருக்கிறதா என்று மெக்கானிக்கைக் கேள். முன்பக்கச் சட்டத்தில் மட்டும் தொங்குகிற பெட்டி ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆடும். அதிகாலைப் பனியில் வண்டியை எடுத்ததும் தாண்டி, அரை மணி நேரத்தில் தானாகச் சரியானால், லென்ஸில் ஈரம் படிந்திருக்கிறது, உலரும்வரை காத்திரு. ஒன்றிலும் சேராவிட்டால் லென்ஸில் தூசி. சின்னத் தூரிகை வைத்த துடைப்பு சி.டி. ஒரு முறை போதும். குச்சியில் பஞ்சைச் சுற்றி உள்ளே விடுகிற வேலை வேண்டாம்.

துடைப்பது பற்றி ஒன்று. நீ வேட்டி நுனியால் வட்டமாகத் துடைப்பாய், எனக்குத் தெரியும். வட்டமாகத் துடைத்தால் கீறலும் வரியோடு சேர்ந்தே ஓடும். வரியில் இரண்டரை மில்லிமீட்டர் வரை அழிந்தாலும் பெட்டி கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். அதற்குமேல் நீண்டால் முடியாது. நடுவிலிருந்து விளிம்புக்கு, நேராக, மெல்லிய பருத்தித் துணியால் துடை. பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதே.

புதிதாக ஆறு சி.டி. பதிந்துவிட்டேன். எல்லாம் 16இல், லேபிள் இல்லாமல். பதியும்போது கணினியில் வேறு எந்த வேலையும் ஓடவில்லை. ஒவ்வொன்றையும் கூடத்து பிளேயரில் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்டேன். இந்தத் தடவை தோடியை நடுவில் கொண்டுவந்துவிட்டேன். ஓரத்தில் ஒன்றும் பதியாமல் 65 நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டேன். காரில் வைப்பதற்கு இந்த நகல் போதும். கேசட்டுகள் பீரோவில் இருக்கின்றன, கணினியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு நகல் எடுத்திருக்கிறேன், ஒன்றை உனக்கு அனுப்புகிறேன். சாயப்படலம் வெயிலில் வெளுக்கிற பொருள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த அந்த நாயனத்தின் நாதத்தை அதை மட்டும் நம்பி விட எனக்கு மனம் ஒப்பவில்லை. வண்டியை நிறுத்தினால் சி.டி.க்களை உறையோடு எடுத்துக்கொண்டு இறங்கு, இல்லாவிட்டால் இருக்கைக்கு அடியிலாவது வை.

ஐந்தாம் எண்ணில் 30ஆவது நிமிடத்துக்குச் சற்றுப் பின்னால் அறுகிறது என்று நீ குறித்திருக்கிறாய். அது மட்டும் எத்தனை முறை புதிதாகப் பதிந்தாலும் அப்படியேதான் இருக்கும். அது 1987 மாசி மகத்தன்று வீதியில் உன் அப்பா கையில் பிடித்துப் பதிந்த 60 நிமிட கேசட். அந்த இடத்தில் ஒரு பக்கம் தீர்ந்தது. அவர் திருப்பிப் போடுவதற்குள் தாத்தா எங்கேயோ மேலே போய்விட்டார்; மறுபக்கம் தொடங்கும்போது தவிலும் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் ஒட்டவைத்து ஒன்றும் தெரியாமல் செய்துவிடலாம். அந்த வாசிப்பில் நான் கை வைக்கவில்லை. இரண்டு விநாடி மௌனம் விட்டிருக்கிறேன். அங்கே ஸ்டீரியோவைத் தட்டாதே.

அன்புடன்,
அம்மா