மகிழமரத்தடிச் சாடி

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை தொலைபேசியில் நான் போட்ட சத்தம் உனக்கு இன்னும் காதில் கேட்டுக்கொண்டிருக்கும். "முப்பத்து மூன்று வயதில் வக்கீல் வேலையை விட்டுவிட்டுக் கட்டடக்கலை படிக்கப் போகிறாளாம்" என்று இரண்டு நாள் வீட்டிலும் புலம்பினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. நேற்று விடியவே ரயிலேற்றி என்னை அளுத்கமைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து ஆட்டோவில் லுணுகங்கா.

பேர்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவின் வளவு. தெத்துவ வாவிக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டு நிலம். ஒல்லாந்தர் காலத்தில் கறுவாத் தோட்டம், வெள்ளைக்காரன் காலத்தில் றப்பர். லுணு என்றால் சிங்களத்தில் உப்பு, கங்கா என்றால் ஆறு. வெங்காயத்துக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான், "வெங்காய ஆறா?" என்று கேட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பாவாவும் சட்டம் படித்தவர்தான். இத்தாலியில், கார்டா ஏரிக்கரையில் ஒரு வில்லா வாங்கி அங்கேயே இருந்துவிட நினைத்தார். அது சரிவரவில்லை. ஊருக்குத் திரும்பி 1948இல் இதை வாங்கினார். தோட்டத்தில் கைவைத்த பிறகுதான் தனக்குத் தெரிந்தது போதாது என்று பட்டிருக்கிறது. லண்டனுக்குப் போய்க் கட்டடக்கலை படித்து முடித்தபோது 1957, வயது 38. நீ முடிக்கும்போது உனக்கு நாற்பது ஆகும். கணக்குப் பார்த்துவிட்டேன்.

அண்ணன் பெவிஸும் அந்தப் பக்கத்திலேயே 1929 முதல் ஒரு றப்பர் தோட்டத்தைப் பூந்தோட்டமாக்கிக்கொண்டிருந்தவர். குடும்பத்துக்கே அந்தக் கிறுக்கு.

பூப்பாத்திகள் இருக்கும் என்று நினைத்துப் போனேன். பூவே குறைவு. எல்லாம் பச்சை, நிழல், தண்ணீர். வீட்டுக்கு முன்னால் கறுவா மேடு. அதன் உச்சியை வெட்டித் தணித்திருக்கிறார், அப்பால் இருக்கும் வாவி வீட்டிலிருந்து தெரிவதற்காக. மேட்டில் ஒரு மகிழமரம், அதனடியில் பெரிய சீனச் சாடி. சாடிக்கு நேரே கண்ணை ஓட்டினால், வாவிக்கு அந்தப்பக்கம் கட்டகுலிய விகாரை என்ற பௌத்தக் கோயிலின் வெள்ளைத் தாதுகோபம். ஊரான் கோயிலைத் தன் தோட்டத்துக்குள் கொண்டுவந்த கெட்டிக்காரத்தனத்தைப் பார்!

வீட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு பாதை போகிறது. அதைப் பள்ளத்துக்குள் மறைத்துவிட்டார். வீட்டிலிருந்து பார்த்தால் புல்வெளி ஒரே விரிப்பாகத்தான் தெரியும். கிட்டப் போய்க் காலடியில் பாதையைக் கண்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முற்றத்து அரலியா (ஈழத்தலரி) மரத்தின் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, வருடக்கணக்காக வளைத்து எடுத்திருக்கிறார். வளவில் அங்கங்கே மணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். எந்த மணி அடிக்கிறதோ அந்த இடத்துக்குத் தேத்தண்ணீர் போகுமாம். அந்த ஏற்பாட்டை நம் வீட்டிலும் செய்யலாமா என்று கேட்டேன். அம்மா முறைத்தார்.

1998இல் பாரிசவாதத்தில் விழும்வரை ஐம்பது வருடம் இதையே திருத்திக்கொண்டிருந்தார். 2003இல் இறந்தபோது சாம்பலும் அந்தக் கறுவா மேட்டுக்கே போயிற்று.

திரும்பும்போது ரயிலில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பிள்ளைக்கு முதல் வருடக் கட்டணம் எவ்வளவாம்?" எனக்குத் தெரியவில்லை. எழுது. நிலையான வைப்பு ஒன்று மாசியில் முதிர்கிறது.

மகிழமரத்தடியில் பொறுக்கிய பூ ஒன்றை இதற்குள் வைத்திருக்கிறேன். காய்ந்துதான் வந்து சேரும், மணம் இருக்கும்.

அன்புடன்,
அப்பா