ஜன்னலைக் கழற்றுவதற்கு முன் ஸ்குரூடிரைவரால் ஒரு குத்து குத்திப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் 'வீடு' பக்கத்தில் பழைய வீடுகளைப் புதுப்பிப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சமையலறை, குழாய், ஒயரிங் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் மர ஜன்னல் பற்றி நாலே வரி. மழையில் இறுகும், கரையான் வரும், உளுத்துப் போகும், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு யு.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டீர்கள். அந்த நாலு வரியை நம்பி நம் ஊரில் எத்தனை வீட்டில் நல்ல தேக்கு ஜன்னல் குப்பை வண்டி ஏறுமோ என்று இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பெங்களூரு காக்ஸ் டவுனில் இருக்கிறோம். தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே கன்டோன்மென்ட்டுக்கு, அதாவது வெள்ளைக்காரர்களின் ராணுவக் குடியிருப்புப் பகுதிக்கு, வேலைக்கு வந்தவர், 1946-இல் வாங்கிய வீடு. மொத்தம் 11 ஜன்னல். பத்து, இரட்டைக் கதவு வைத்து வெளிப்பக்கம் திறக்கிற சாதாரண ஜன்னல். ஒன்று மட்டும் முன் அறையில், மேலும் கீழும் ஏறி இறங்குகிற சாஷ் ஜன்னல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நாங்களும் மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தோம். ஒரு ஜன்னல் கம்பெனிக்காரர் வந்தார், டேப் வைத்து அளந்தார், பத்து நிமிடத்தில் "எல்லாம் போச்சு மேடம், ஒண்ணும் தேறாது" என்றார். இரண்டரை லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்தார். அவர் ஒரு ஜன்னலைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்த வாரம் வேறு வேலையாக வந்த அல்சூர் ஆசாரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். எழுபது தாண்டியவர். பையிலிருந்து ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய்க் குத்திப் பார்த்தார். கீழ்ச் சட்டம், மூலை, கீல் இருக்கிற இடம், நிலையின் அடிக்கட்டை என்று தண்ணீர் தங்குகிற இடமாகப் பார்த்து. முனை உள்ளே போகாமல் டக்கென்று நின்றால் கட்டை நன்றாக இருக்கிறது, ரொட்டியில் போகிற மாதிரி போனால் அங்கே மக்கியிருக்கிறது, அவ்வளவுதான் சோதனை. பதினொன்றில் மூன்றில்தான் மக்கியிருந்தது, அதுவும் கீழ்ச் சட்டத்தில் ஒரு சாண் நீளம். "ஏம்மா, கட்டை வைரம் பாஞ்ச கட்டை. தண்ணி போற வழியத்தான் யாரோ அடைச்சிருக்காங்க" என்றார். வைரம் என்றால் மரத்தின் நடுவிலிருக்கிற கெட்டியான பகுதி.

அந்த வழி எது என்று அவர் காட்டியதை உங்கள் வாசகர்கள் தங்கள் வீட்டிலும் பார்க்க வேண்டும். ஜன்னலின் அடிக்கட்டை சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அதன் அடிப்பக்கத்தில் விரலை விட்டுத் தடவினால் நீளவாக்கில் ஒரு சின்னக் காடி தட்டுப்பட வேண்டும். மழைத் தண்ணீர் கட்டையின் அடியைப் பிடித்துக்கொண்டே சுவருக்கு ஓடாமல் அந்தக் காடியில் நின்று சொட்டிவிடும். எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக ஒவ்வொரு பெயிண்டரும் அதைப் பள்ளம் என்று நினைத்து மக்கு (புட்டி) வைத்து அடைத்திருக்கிறார்கள். தண்ணீர் சொட்டாமல் உள்ளே ஓடி, நிலையும் சுவரும் சேருகிற இடத்தில் ஊறியிருக்கிறது. ஒரு பழைய உளியால் அந்தக் காடியைச் சுரண்டித் திறக்க ஒரு ஜன்னலுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த மழையிலேயே உள்சுவரின் ஈரம் நின்றுவிட்டது.

இன்னொன்று, ஜன்னல் கதவின் அடி விளிம்பு. பெயிண்டர் முன்பக்கமும் பின்பக்கமும் பளபளவென்று அடித்துவிட்டுப் போய்விடுவார், அடி விளிம்பும் மேல் விளிம்பும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் பெயிண்ட் படாத வெறும் கட்டையாகவே இருக்கும். நின்ற சட்டங்களின் வெட்டுமுனை அங்கேதான் இருக்கிறது, மரம் தண்ணீரை அதிகமாகக் குடிப்பது வெட்டுமுனை வழியாகத்தான். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கீழே பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். அப்புறம் கண்ணாடியைப் பிடித்திருக்கும் மக்கு. காய்ந்து வெடித்திருந்தால் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கிக் கீழ்ச் சட்டத்தின் கழுந்து (ஒரு சட்டம் இன்னொன்றின் துளையில் சொருகுகிற முனை) இருக்கிற மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூலை ஆடுவதும் கதவு தொங்குவதும் அதனால்தான், மரம் கிழடானதால் இல்லை.

மக்கிய மூன்று சட்டங்களை ஆசாரி என்ன செய்தார் என்றால், நல்ல கட்டை வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, பழைய தேக்குத் துண்டு ஒன்றைச் சாய்வாக இழைத்து ஒட்டினார். பழைய கட்டையிலேயே ஒட்டுப்போட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார், இழைகளும் ஒரே திசையில் ஓட வேண்டும் என்றார். வெள்ளைக் கட்டை, அதாவது மரத்தின் வெளிப்பக்கத்து இளம் பகுதி, கலந்த புதுத் தேக்கைப் போட்டால் பக்கத்துக் கட்டை இருக்கும்போதே அது போய்விடுமாம். தேக்கின் வைரத்தைத்தான் கரையான் சீண்டாது, வெள்ளைப் பகுதியை விடாது. சிலர் கார் பாடிக்கு அடிக்கிற மக்கை ஓட்டையில் திணித்துப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், அந்த மக்கு எதற்கும் அசையாது, அதனால் இரண்டு வருடத்தில் ஓரம் விட்டு உள்ளே தண்ணீர் சேர்ந்து முன்பைவிட மோசமாகிவிடும். கீல் ஸ்குரூ லூசாகிச் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரிய ஸ்குரூ தேடி ஓட வேண்டாம், மூங்கில் குச்சியைச் சீவிப் பசை தடவி ஓட்டையில் அடித்து, மறுநாள் அதே ஸ்குரூவை முடுக்கினால் போதும்.

கண்ணாடி மக்கு சாக் பவுடரும் லின்சீட் ஆயிலும் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைவதுதான், நானே பிசைந்தேன். ஆனால் கண்ணாடி உட்காருகிற காடியில் முதலில் எண்ணெயோ பிரைமரோ தடவிவிட வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த மரம் மக்கிலிருக்கிற எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு மக்கு ஒரே வருடத்தில் வெடிக்கும். பெயிண்ட் அடிக்க இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும், அடிக்கும்போது மக்கைத் தாண்டிக் கண்ணாடி மேலும் ஒரு நூல் அளவு ஏற வேண்டும், அப்போதுதான் தண்ணீர் போக இடுக்கு இருக்காது. பழைய கண்ணாடியை உடைக்காமல் எடுங்கள். 1959-இல் அறிமுகமான, உருகிய உலோகத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்கிற மிதவைக் கண்ணாடிதான் இன்றைக்குக் கடைகளில் கிடைப்பது, அது தட்டையாக இருக்கும். அதற்கு முந்தைய கண்ணாடியில் லேசாக ஒரு அலை இருக்கும், எதிர்வீட்டு வேப்பமரம் அதில் அசைகிற மாதிரித் தெரியும். அதை இனிமேல் எந்தக் கடையிலும் போய்க் கேட்க முடியாது.

மழையில் இறுகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இறுகத்தான் செய்யும். தப்பு எங்கே நடக்கிறது என்றால், செப்டம்பர் மாத மழையில் கதவு மூடவில்லை என்று உடனே இழைப்புளியை எடுத்துச் சீவிவிடுகிறோம், பிப்ரவரியில் பார்த்தால் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். மழையில் உரசுகிற இடத்தைப் பென்சிலால் குறித்து மட்டும் வையுங்கள். மரம் காய்ந்த பிறகு குறித்த இடத்தில் மட்டும் கொஞ்சமாகச் சீவி, சீவிய இடத்துக்குப் பெயிண்டும் அடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் உரசியதில் பாதி மரமே இல்லை, ஒன்றன் மேல் ஒன்றாக அடித்த எட்டோ ஒன்பதோ கோட் எனாமல்.

இப்போது அந்த முன் அறை ஜன்னல். எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அது திறந்ததே இல்லை, ஆணி அடித்து மூடியிருந்தது. கம்பெனிக்காரர் இதைத்தான் முதலில் எடுக்கச் சொன்னார். ஆசாரி இதைப் பார்த்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இளைஞராக இருந்தபோது இந்த மாதிரி இரண்டு ஜன்னல் வேலை பார்த்ததாகச் சொன்னார்.

இதில் இரண்டு கண்ணாடிச் சட்டங்கள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, நிலையின் காடியில் ஏறி இறங்கும். நிலை இரண்டு பக்கமும் உள்ளே காலியான பெட்டி. சட்டத்தில் கட்டிய கயிறு மேலே ஒரு பித்தளைக் கப்பி வழியாகப் பெட்டிக்குள் இறங்கும், அதன் முனையில் இரும்புக் குண்டு தொங்கும். கிணற்று ஏற்றத்தில் பின்னால் கல் கட்டுவோமே, அதே கணக்குதான். சட்டத்தின் எடையைக் குண்டு தாங்குவதால் ஒரு விரலால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். இந்த அமைப்பு இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் பரவியது, கன்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரர்கள் சில வீடுகளில் ஆசையாக வைத்துக்கொண்டார்கள். மேலேயும் கீழேயும் பாதிப் பாதி திறந்துவைத்தால் சூடான காற்று மேல் வழியாகப் போய், கீழ் வழியாகக் குளிர்ந்த காற்று வரும். 1898-இல் பெங்களூரில் பிளேக் பரவிய பிறகு எழும்பிய ஃபிரேசர் டவுன் பக்கத்து வீடுகளில் காற்றோட்டத்துக்கு எவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரியும்.

உள்பக்கம் சட்டத்தைப் பிடித்திருக்கிற ரீப்பர் என்கிற மெல்லிய மரப் பட்டையை ஆசாரி நடுவிலிருந்து நெம்பினார். மூலையிலிருந்து நெம்பினால் முனை உடைந்துபோகும், நடுவில் நெம்பினால் வில் மாதிரி வளைந்து தானாகக் கழன்று வரும். பிறகு நிலையின் பக்கத்தில் கீழே பெயிண்டைச் சுரண்டினார், பெயிண்டுக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு மூடி இருந்தது. அதைத் திறந்து கையை விட்டு, சுண்ணாம்புத் தூளும் குளவிக் கூடுமாகக் கிடந்த இடத்திலிருந்து துருப்பிடித்த குண்டை வெளியே எடுத்தார். மேல் நுனியில் அறுந்த கயிறு ஒரு விரல் நீளம் ஒட்டிக்கொண்டிருந்தது, தொட்டால் குச்சி மாதிரி விறைப்பாக. யாரோ கயிற்றுக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் பட்ட கயிறு கப்பியில் வளையாது, வளைகிற இடத்தில் அறுந்துவிடும். ஜன்னல் கெட்டதே இல்லை, நாலு முழக் கயிறு அறுந்திருந்தது, அதற்காக நாற்பது வருடம் ஆணி அடித்து வைத்திருந்தோம்!

கீழ்ச் சட்டத்தை நிறுத்துப் பார்த்தோம், 9 கிலோ. குண்டுகள் தலா நாலே கால் கிலோ. கீழ்ச் சட்டத்துக்குக் குண்டுகளின் மொத்த எடை கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் மூடினால் மூடியே இருக்கும். மேல் சட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், அப்போதுதான் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் கனமான கண்ணாடி மாற்றுகிறவர்கள் குண்டின் எடையையும் பார்க்க வேண்டும். புதுக் கயிறு பருத்தியில் வாங்கினோம், நைலான் இழுபடும் என்றார். ஒரு நூலில் சின்ன ஆணியை வளைத்துக் கட்டிக் கப்பி மேல் விட்டார், ஆணி தன் கனத்தில் பெட்டிக்குள் இறங்கி மூடி வழியாக வந்தது, நூலோடு கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டார். சட்டத்தை முழுக்க ஏற்றினாலும் குண்டு பெட்டியின் அடியில் தட்டாதபடி நாலு விரற்கடை விட்டுக் கட்டினார். காடிக்கு எண்ணெய் போடவில்லை, அழுக்கு ஒட்டும் என்று வீட்டிலிருந்த மெழுகுவத்தியைத் தேய்த்தார். ஒன்றரை நாள் வேலை.

இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் தயவுசெய்து விடாமல் பிரசுரியுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதனால் காய்ந்த பெயிண்டை மெஷின் வைத்து உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள், முகமூடி போடுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். இரண்டாவது, லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடக் கூடாது, காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்துவிடுங்கள், அல்லது வெளியே தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள்.

எல்லாம் சேர்த்து எங்களுக்கு முப்பத்தெட்டாயிரம் ஆனது. யு.பி.வி.சி. கெட்டது என்று சொல்லவில்லை, மெயின் ரோட்டில் இருக்கிறவர்களுக்கு ஹாரன் சத்தமும் தூசியும் அதில் குறையும், உண்மைதான். மர ஜன்னலிலும் இடுக்கில் பிரஷ் பட்டையோ ஃபெல்ட் பட்டையோ ஒட்டினால் ஓரளவு குறையும், எங்களுக்கு அது போதுமாக இருந்தது. புதுக் கட்டடத்துக்கு எதை வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் மங்கி டாப் என்கிற, ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் கூர்மையான மரக் கூரை வைத்த பழைய வீடுகளில் அதன் அடியில் வெள்ளை பிளாஸ்டிக் சட்டத்தைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அதே ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இந்த வேலை தெரிந்த ஆசாரிகள் யாரையாவது அழைத்துப் படத்தோடு ஒரு கட்டுரை போடுங்கள். மல்லேஸ்வரம் 18-ஆவது கிராஸில் மத்திய அரசின் மர அறிவியல் நிறுவனம் இருக்கிறது, உங்கள் வீட்டுக் கட்டை என்ன மரம் என்று பரிசோதித்துச் சொல்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களிடமும் பேசலாம். எங்கள் ஆசாரியின் மகன் மாடுலர் கிச்சன் வேலைக்குப் போய்விட்டார், கழுந்து அடிக்கிற வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை என்பதால். கூப்பிட்டால் வருவார்கள். முடிந்தால் பிப்ரவரிக்குள் போடுங்கள், மரம் காய்ந்திருக்கும்போது வேலையை முடித்துப் பெயிண்டும் அடித்துவிட்டால் ஏப்ரல் கடைசியில் இடி மழை தொடங்குவதற்குள் எல்லாம் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காக்ஸ் டவுன், பெங்களூரு