ஒரே பொருள் தந்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், 'நான்சென்ஸ்' என்பதற்கு ஈடாக வழங்கும் ஆங்கிலப் பேச்சுச் சொற்களைத் தொகுத்து, எல்லாவற்றுக்கும் 'உளறல்' என்று ஒரே பொருள் தந்திருந்தீர்கள். நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தமாகும் சென்னை இளைஞர்கள் இத்தகைய பட்டியல்களை அப்படியே மனப்பாடம் செய்வதால், எந்தச் சொல்லை யாரிடம் சொல்லலாம் என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டுகிறேன்.

'ரப்பிஷ்' பிரிட்டனில் அன்றாடம் புழங்குவது. 'பாப்பிகாக்', 'பால்டர்டாஷ்' ஆகியவற்றில் இன்று பழமை வாடை அடிக்கிறது. 'பலோனி' அமெரிக்க வழக்கு. நம் ஊர்ப் 'பீலா'வுக்கு அது மிக நெருக்கம். ஆனால் 'க்ராப்', அதனினும் கடுமையான 'புல்ஷிட்' ஆகிய இரண்டும் மலத்தைக் குறிப்பவை. ஆங்கிலப் படங்களில் சரளமாகக் காதில் விழுகின்றன என்பதற்காக அவற்றை அலுவலகத்தில் மேலதிகாரியின் முன் சொல்லிவிடக் கூடாது.

சில சொற்களுக்குத் தனி எல்லையே உண்டு. 1944இல் அமெரிக்க அரசு அமைப்பொன்றின் தலைவராக இருந்த மாரி மேவரிக், அதிகாரிகளின் சுற்றிவளைத்த நடையைக் கண்டு சலித்து, வான்கோழியின் கொக்கரிப்பை மனத்தில் கொண்டு உருவாக்கியதே 'காபிள்டிகுக்'. ஆகவே, படித்தும் விளங்காத காப்பீட்டுப் பத்திரத்தை அப்படிச் சொல்லலாம்; பக்கத்து வீட்டார் கிளப்பிவிடும் வதந்தியைச் சொல்ல முடியாது. அவ்வாறே 'பன்கம்' அரசியல் மேடைக்கு உரியதாகப் பிறந்தது. 1820இல், மிசூரியை மாநிலமாகச் சேர்ப்பது குறித்த விவாதத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையே பொறுமையிழந்த வேளையிலும், வட கரோலினாவின் ஃபீலிக்ஸ் வாக்கர், தம் தொகுதியைச் சேர்ந்த பன்கம் மாவட்டத்துக்காகப் பேசியே தீருவேன் என்று நின்றதிலிருந்து வந்த சொல் அது.

இலக்கணத்திலும் கவனம் வேண்டும். இவை பெரும்பாலும் எண்ணிக்கைக்கு உட்படாத பெயர்கள் என்பதால், இங்கே பலரும் சொல்லும் 'வாட் எ நான்சென்ஸ்' பிழை. 'வாட் நான்சென்ஸ்' என்பதே சரி. அளவைச் சேர்க்க விரும்பினால் 'எ லோட் ஆஃப் ரப்பிஷ்' எனலாம். இதைவிட என்னை வருத்துவது, எதிரில் நிற்கும் ஆளையே 'யூ நான்சென்ஸ்' என்று ஏசும் நம் நகரத்து வழக்கம். ஆங்கிலத்தில் அச்சொல் கருத்தைச் சாடுமே தவிர, ஆளுக்குப் பட்டமாக அமையாது. கருத்தைச் சாடினாலும் அது சுடும். ஆகவே கூட்டங்களில் 'தட் டசின்ட் மேக் சென்ஸ் டு மீ' என்று மறுப்பதே நாகரிகம்.

அடுத்த பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே, அது எந்த நாட்டு வழக்கு, எவ்வளவு கடுமையானது என்ற குறிப்பையும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மேற்கு மாம்பலம், சென்னை.