காய்ச்சல் வார்டில் யாரும் எண்ணாத மூச்சு

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை ஓய்ந்து பனி இறங்கினால் கேஷுவால்ட்டியில் காய்ச்சல் கேஸ்கள் குவியும். யாருக்குச் சாதாரணக் காய்ச்சல், யாருக்குக் கிருமித் தொற்று முற்றி உறுப்புகளைச் செயலிழக்க வைக்கும் செப்சிஸ் என்று பிரித்தறிவதுதான் பெரும்பாடு. புதிய கருவிகள் வேண்டும் என்று பேசுகிறோம். வரட்டும். அதற்குமுன் மூச்சை எண்ணக் கைக்கடிகாரத்தைப் பயன்படுத்தலாமே என்பது, செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற என் ஆதங்கம்.

கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் பி.பி., பல்ஸ் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். மூச்சு மட்டும் வரிசையாக 20, 20, 20. நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, 100 அல்லது அதற்குக் கீழான மேல் பி.பி., நினைவுத் தடுமாற்றம் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள் என 2016இலேயே வகுத்துவிட்டார்கள். இவற்றை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது என்று 2021இல் சர்வதேச வழிகாட்டுதல் திருத்தம் சொன்னது உண்மைதான். அதற்காக எண்ணாமலே எழுதலாமா? ஒரே செவிலியர் முப்பது பேரைப் பார்க்கும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று எண்ணுவது சுலபமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்தது உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்). நம் பக்கம் மருத்துவமனைக்கு வரும்போதே செப்சிஸோடு வருகிறவர்களில் இதைத் தவறவிடுவது அதிகம். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி என மறைவிடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். திரைகூட இல்லாத வார்டில், சேலையோடு படுத்திருக்கும் பாட்டியிடம் யார் தேடுவார்கள்? பொருக்கு எல்லாருக்கும் இருக்காது என்பதால், காணவில்லை என்று சந்தேகத்தைக் கைவிடவும் கூடாது. வழக்கமாக ஏற்றும் ஆன்டிபயாடிக்கான செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமியிடம் எடுபடாது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற வேறு இரண்டு ஆன்டிபயாடிக்குகளை நரம்பு வழியே சேர்த்துக் கொடுத்தால், தீவிர நோய்க்குத் தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் அதிகம் என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. சந்தேகமே எழாவிட்டால் அந்த மருந்தை யார் எழுதுவது?

ரத்தத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் ரத்த கல்ச்சரும் அப்படித்தான். ஆன்டிபயாடிக் ஏறிய பிறகு எடுத்தால் பல நேரம் கிருமி வளராது. எடுக்கும் சாக்கில் மருந்தைத் தாமதப்படுத்துவதும் தவறு.

சுகாதாரத் துறை கேஸ் ஷீட்டில் மூன்று கட்டங்கள் சேர்க்கட்டும்: மூச்சு முழு நிமிடம் எண்ணப்பட்டதா, உடல் முழுதும் பொருக்கு தேடப்பட்டதா, முதல் ஊசிக்குமுன் கல்ச்சர் எடுக்கப்பட்டதா. கூடவே ஒவ்வொரு கேஷுவால்ட்டிக்கும் மறைப்புத் திரை ஒன்றும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
வேலூர் மாவட்டம்.