அது கண்டுபிடிப்பு அல்ல, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை வணிகப் பக்கத்தில், இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளின் காப்புரிமை வழக்கைப் பற்றி 'கண்டுபிடிப்புகளை ஒப்படைக்கக் குற்றவியல் நடுவர் உத்தரவு' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். "பாடுபட்டுக் கண்டுபிடிச்சதை எதிராளிகிட்ட கொடுக்கச் சொல்றாங்களே" என்று என் மாமனார் காபி ஆறும்வரை வருத்தப்பட்டார்.

நீங்கள் அப்படி மொழிபெயர்த்த ஆங்கிலச் சொல் டிஸ்கவரி. அகராதியில் அதற்குக் கண்டுபிடிப்புதான், சரி. கோர்ட்டில் அது, எதிர்த்தரப்பு கேட்கும் ஆவணங்களை விசாரணைக்கு முன்பே காட்டும் கடமை. அமெரிக்காவில் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். மழுப்பினால், பேசிப் பார்த்துவிட்டு, 'கொடுக்கச் சொல்லுங்கள்' என்று மனு போடலாம். அதைப் பெரும்பாலும் விசாரிப்பவர் மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜ். நீங்கள் 'குற்றவியல் நடுவர்' ஆக்கிய அவர், சிவில் வழக்கிலும் இப்படி முன்கட்ட வேலைகளைப் பார்க்கும் நீதிபதி; சைதாப்பேட்டையில் ரிமாண்ட் செய்கிறவர் அல்ல. தங்களுக்குத் தெரியாததா!

பெருங்குடியில் ஓர் அலுவலகத்தில் ஆறு வருடம் ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்து, முகம் தெரியாத அமெரிக்கர்களின் மின்னஞ்சல்களைப் படித்து 'தொடர்புடையது', 'தொடர்பில்லாதது' என்று குறியிட்டவன் நான். ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்கு, பிறந்தநாள் கேக் யார் வாங்குவது என்ற பேச்சுக்குக் கீழே, 'அவர்களுடைய சர்க்யூட்டைப் பிரித்துப் பார்த்தாயிற்று' என்று ஒரு வரி. தூக்கம் போய்விட்டது. கேக் மின்னஞ்சல்தானே என்று அதைக் கொடுக்காமல் விட்டிருந்தால்?

இதற்குமேல், 'இத்தகைய மனுக்கள் வழக்கை இழுத்தடிக்கும் தந்திரமே' என்று உங்கள் நிருபர் தீர்ப்பு வேறு எழுதிவிட்டார். பிராட்காம், குவால்காம் இரண்டும் சிப் கம்பெனிகள். பிராட்காம் மீது குவால்காம் போட்ட காப்புரிமை வழக்கு 2007 ஜனவரியில் சான் டியாகோவில் விசாரணைக்கு வந்தது. வீடியோவைச் சுருக்குவதற்கான எச்.264 என்ற பொது விதிமுறையை வகுத்த குழுவில், அது உருவான காலத்தில் தாங்கள் இல்லவே இல்லை என்று குவால்காம் சாதித்தது. விசாரணை முடியப்போகும் நேரத்தில் அவர்களுடைய சாட்சியே, அந்தக் குழுவின் மின்னஞ்சல்கள் தனக்கு வந்ததாகச் சொல்லிவிட்டார். அவர்கள் வக்கீல்கள் பார்த்தும் கொடுக்காமல் வைத்திருந்தவை 21. தோற்ற பிறகு வெளியே வந்தவை 46,000 ஆவணங்களுக்கு மேல்! அடுத்த ஜனவரியில் 85 லட்சம் டாலருக்கு மேல் பிராட்காமுக்குக் கட்டச் சொன்னார் ஒரு மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜ். இதில் வேடிக்கை, பிராட்காம் அந்தக் 'கொடுக்கச் சொல்லுங்கள்' மனுவே போடவில்லை. 'எல்லாம் கொடுத்துவிட்டோம்' என்ற பேச்சை நம்பியிருந்தது. நம்பினால் இதுதான் கதி, மனு போட்டால் இழுத்தடிப்பா?

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சினிமாப் பாட்டு விவகாரத்தில் பதிப்புரிமையைக் காப்புரிமை என்று நீங்கள் போட்டபோதும் எழுதினேன். அந்தக் கடிதம் வரவில்லை. அதே வாரம் என் மனைவி அனுப்பிய கோலம் கலரில் வந்தது. சந்தோஷம்தான்.

'கண்டுபிடிப்புகள்' என்பதை 'ஆவணங்கள்' என்று திருத்தி ஒரு வரி போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தாலும் போதும், என் மாமனார் அதை எப்படியும் படித்துவிடுவார்.

இப்படிக்கு,
பழைய வாசகன், சென்னை