செவலைக்காகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு

எங்கள் அடுக்ககத்தாருக்கும் தெருக்காரர்களுக்கும்,

இன்று காலை வாசற்கதவைத் திறந்தபோது, நாங்கள் எடுத்து வளர்க்கும் தெருநாய் செவலை, கட்டிலுக்கு அடியில் ஓடவில்லை. கூடத்திலேயே நின்று, வந்தது யாரென்று பார்த்தாள். வயிற்றோடு ஒட்டியிருந்த வால் மெல்லக் கீழே தளர்ந்தது. அவளைத் தார்ப்பாயில் ஏந்திக்கொண்டு வந்த இரவைப் பார்த்தவர்கள் நீங்கள். அந்த இரவைத் திரும்ப எழுதத் தெம்பில்லை, நன்றியை மட்டும் எழுதுகிறோம்.

முதல் நன்றி தண்ணீர் கேன் போடும் தம்பிக்கு.

20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ. டைல்ஸ் தரையில் அதை இறக்கும்போது வரும் அதிர்வு, காதுக்கு மட்டுமில்லை, நாயின் பாதத்துக்கும் போகும். அதற்கு முன்னால் காலிங்பெல். கதவைத் திறந்தால் ஹெல்மெட் போட்ட, முகம் தெரியாத ஆள். இதில் ஏதாவது ஒன்று மட்டும் என்றால் பயந்த நாய் எப்படியோ சமாளித்துவிடும். முதல் பயம் இறங்குவதற்குள் அடுத்தது வந்தால் தாங்காது. அன்று முழுக்கச் சோற்றைத் தொடாது. சாயங்காலம் வீட்டு ஆள் நாற்காலியை விட்டு எழுந்தாலே உறுமும். காலையில் வந்த கேன்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

தம்பிக்குத் தோன்றியது. யாரும் சொல்லாமலே ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிவிட்டு வந்தார். பெல்லுக்குப் பதில் கீழேயிருந்து ஒரு மிஸ்டு கால். கோணிச்சாக்கை நான்காக மடித்து வாசலில் போட்டு, கேனின் ஒரு விளிம்பை முதலில் அதில் ஊன்றி, பிறகு மெதுவாக நிமிர்த்தி வைத்தார். சத்தமே இல்லை. இன்னும் எத்தனையோ வீட்டுக்குப் போகவேண்டியவர், அதோடு கிளம்பியிருக்கலாம். படியில் பக்கவாட்டாக உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "ஊர்ல ஆட்டுக்குட்டிய நேருக்குநேர் பாத்துட்டுப் போனா ஓடிரும்க்கா" என்றார்.

கையில் கொடுத்த ஈரல் துண்டுகளை அவர் என்ன செய்தார் என்பதை, நாய் எடுத்து வளர்க்கப்போகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கோழி ஈரல்தான், உப்பில்லாமல், வெங்காயம் பூண்டு சேர்க்காமல் வேகவைத்து, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு நறுக்கியது. (வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஈரலும் அளவோடுதான், மிஞ்சினால் வயிறு இளகும்.) அதை அவர் செவலையிடம் நீட்டவில்லை. அவளுக்குப் பின்னால், வால் பக்கம் போய் விழும்படி போட்டார்.

நீட்டினால் என்ன ஆகும்? பசியில் நாய் கிட்டே வந்துவிடும். துண்டு தீர்ந்ததும்தான் தெரியாத மனிதரின் கைக்குப் பக்கத்தில் நிற்பது அதற்கு உறைக்கும். அந்த நொடியில் கடி விழலாம். பின்னால் போட்டால், தின்பதற்காக நாய் விலகிப் போகும். விலகினால் நெஞ்சு இளகும். திரும்பி வருவதானால் தன் விருப்பத்தில் வரும். எவ்வளவு நெருக்கம் போதும் என்பது நாயின் முடிவாகிவிடுகிறது. அடக்கி ஆளுவதுதான் பயிற்சி என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அந்தப் படிக்கட்டுக்கு வந்து பார்க்க வேண்டும்.

அவருடைய டிவிஎஸ் எக்ஸெல் சத்தம் தெருமுனையில் கேட்கும், அதற்குப் பிறகுதான் முதல் துண்டு விழும். இந்த வரிசை மாறவே கூடாது. முதலில் சத்தம், உடனே தீனி. தீனி முந்திவிட்டால், ஈரலைக் கண்டாலே ஏதோ வரப்போகிறது என்று நாய் மிரளும், பிறகு ஈரலையும் தொடாது. செவலை முதன்முதலாக அவர் முழங்காலை மோந்தபோதும் அவர் கையைத் தூக்கவில்லை. "ஐயோ, வந்துட்டா!" என்று குனிந்து தலையைத் தடவத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். மேலிருந்து இறங்கும் கை பயந்த நாய்க்கு அடிக்க வரும் கைதான். இப்போது அவர் தாடைக்குக் கீழே, நெஞ்சுப் பக்கம் மூன்று நொடி சொறிந்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். இன்னும் வேண்டுமானால் செவலை மூக்கால் தள்ளிக் கேட்கிறாள். உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ, முகத்தைத் திருப்பினாலோ போதும் என்று அர்த்தம், அன்றைக்கு அவ்வளவுதான்.

தம்பி, உங்களுக்குச் சம்பளத்தில் சேராத வேலை இது. இந்த வீட்டில் செவலை நம்பிய முதல் வெளியாள் நீங்கள்.

மற்றவர்களுக்கு எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்ல முடிகிறது. மாடி வீட்டுக்காரர்கள் தந்த கயிற்று மிதியடிகள்தான் கட்டிலடியிலிருந்து தண்ணீர்ச் சட்டிவரை இடைவெளியில்லாமல் பாதையாகக் கிடக்கின்றன. தெருவில் வளர்ந்த நாய்க்கு வழுவழுத் தரையில் நகம் பிடிக்காது, கால் விரிந்துபோகும்; தாகம் இருந்தும் அசையாமல் கிடக்கும். அதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடக் கூடாது. மார்புப் பட்டையில் விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பு ஒடுங்கும் இடத்தில் இன்னொரு வாரைத் தைத்துத் தந்தார் முக்குக்கடைச் செருப்புத் தைக்கும் பெரியவர். மிரண்ட நாய் பின்வாங்கியே பட்டையைக் கழற்றிவிடும், அந்த மூன்றாவது வார்தான் நிறுத்தும். டாக்டர் மேசையில் ஏற்றாமல் தரையில் உட்கார்ந்து பார்த்தார். சோர்ந்து கிடப்பது பயத்தால் மட்டும்தானா என்று உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தமும் எடுத்தார். பக்கத்து வீட்டு மாமி குக்கர் வைக்கும்போதெல்லாம் வாட்ஸாப்பில் சொன்னார், விசிலுக்கு அடுத்த நொடி ஈரல் தயாராக இருந்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா பினாயிலை நிறுத்திவிட்டு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்தார். பிள்ளைகள் கட்டிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பாடம் படித்தார்கள். ஒருவர்கூடக் குனிந்து எட்டிப் பார்க்கவில்லை. அதற்காகவே தனியாக ஒரு நன்றி.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: பதற்றம் தணிய, வீட்டு நடைமுறை பிடிபட, இது தன் வீடு என்று தோன்ற. செவலை போன்றவர்களுக்கு அது நீளும், நீளட்டும். தீபாவளி வேறு வருகிறது. ஜன்னல் இல்லாத உள்ளறை, மின்விசிறி முழு வேகத்தில், முன்கூட்டியே டாக்டரிடம் ஒரு பேச்சு என்று ஏற்பாடு நடக்கிறது.

ஒரு வாக்குக் கொடுக்கிறோம். இந்தத் தெருவில் அடுத்து யார் நாய் எடுத்து வளர்த்தாலும் மிதியடிகள், வாசலில் வைக்கும் தடுப்பு, மூன்று வார்ப் பட்டை எல்லாம் எங்கள் வீட்டிலிருந்து வரும். முதல் சில இரவுகளுக்குத் துணையாக ஆளும் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எப்போதாவது செவலை தனியாகத் தெருவில் தென்பட்டால் தயவுசெய்து துரத்தாதீர்கள், பெயர் சொல்லிக் கத்தாதீர்கள், யாரும் சுற்றி வளைக்காதீர்கள். இருந்த இடத்திலேயே பக்கவாட்டாக உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் போன் செய்யுங்கள். நம்பர் அவள் கழுத்து வில்லையிலும் இருக்கிறது, வாட்ச்மேன் அண்ணனிடமும் இருக்கிறது.

நன்றியுடன்,
செவலை வீட்டார்