முழு விளக்கின் ஆயுளை எழுதுங்கள்: எல்இடி உற்பத்தியாளர்களுக்கும் தர அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எல்இடி விளக்கு உற்பத்தியாளர்களுக்கும், அவ்விளக்குகளுக்கான தரவிதிகளை வகுக்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

குண்டு பல்பைக் கைவிடுமாறு கேட்டீர்கள், கைவிட்டோம். அது உண்ணும் மின்சாரத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே வெளிச்சமாகிறது, எஞ்சியது வெப்பமாகப் போகிறது என்பதும், 60 வாட் குண்டு பல்பு தரும் சுமார் 800 லூமென் வெளிச்சத்தை எல்இடி பல்பு 8 அல்லது 9 வாட்டிலேயே தந்துவிடுகிறது என்பதும் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியவை அல்ல. இடைக்காலத்தில் வந்த சி.எஃப்.எல். பல்புகளில் பாதரசம் இருப்பதை அறிந்து அவற்றையும் விட்டோம். வீடுகளில் பயன்படும் 30 வாட் வரையிலான சி.எஃப்.எல். பல்புகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2025ஆம் ஆண்டோடு நிறுத்துவதென, பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் நாடுகள் 2022இல் முடிவெடுத்தபோது, அது சரியான முடிவு என்றே எண்ணினேன். இன்றும் அப்படியே எண்ணுகிறேன். ஆனால் பழையவை ஒவ்வொன்றாக விலக்கப்பட்டு, எங்களுக்கு எல்இடி ஒன்றே எஞ்சியிருக்கும் இந்நிலையில், அதன் அட்டைப்பெட்டியில் நீங்கள் அச்சிடும் ஒவ்வோர் எண்ணுக்கும் முன்பைவிடக் கூடுதலான பொறுப்பு வந்து சேர்கிறது. அந்த எண்களுள் முதன்மையான ஒன்றான ஆயுட்காலத்தைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மாடிப்படியின் மேல், மூடிய கண்ணாடிக் குடுவை ஒன்றில் எல்இடி பல்பு போட்டிருந்தோம். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று எழுதியிருந்தது. நாளொன்றுக்கு 6 மணி நேரம் எரித்தால் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் வரவேண்டிய விளக்கு அது. உத்தரவாதக் காலம் முடிவதற்குள்ளேயே அது மினுங்கத் தொடங்கியது. குண்டு பல்பு உயிரை விட்டால் ஒரே நொடியில் விட்டுவிடும். வீட்டில் எவரேனும் உடனே கவனித்து மாற்றிவிடுவார்கள். எல்இடி பல்பு அப்படிப் போவதில்லை. சில நிமிடங்கள் ஒழுங்காக எரியும், பிறகு படபடக்கும், மங்கும், அணைத்துப் போட்டால் மறுபடியும் நன்றாக எரிந்து ஏமாற்றும். என் தாயாருக்குப் பார்வை குறைந்துவிட்டது. படியின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதை அவர் வெளிச்சத்தின் நிழலைக்கொண்டே கணிக்கிறார். விளக்கே இல்லையென்றால் அவர் இறங்கவே மாட்டார், யாரையாவது அழைப்பார். மினுங்கும் விளக்கோ அவரை நம்பி இறங்க வைத்துவிட்டு, காலை எடுத்துவைக்கும் நேரத்தில் படியை மறைத்துவிடுகிறது. ஒருநாள் மாலை அவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு பாதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விழவில்லை, அதன் பிறகு மாலையில் தனியாக மாடிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஒரு பல்பு பழுதானதன் விலை, தம் வீட்டுக்குள்ளேயே ஒரு முதியவர் தம் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டதாக முடிந்திருக்கிறது.

அப்பல்பை மாற்றித் தருமாறு கேட்டபோது, வாங்கிய ரசீது வேண்டும் என்றார்கள். வெப்பத்தால் அச்சாகும் அந்தத் தாளில் எழுத்தே மங்கிப் போயிருந்தது. பெட்டி வேண்டும் என்றார்கள். பல்பை மாட்டிய பின் வெற்று அட்டைப்பெட்டியை ஆண்டுக்கணக்கில் யார் பாதுகாப்பார்கள்? இறுதியாக, மூடிய குடுவைக்குள் போட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பெட்டியின் அடியில் குறிப்பிட்டிருப்பதாகச் சொன்னார்கள். அக்குறிப்பை, அதே வகைப் பல்பின் வேறொரு பெட்டியில், உருப்பெருக்கி வைத்துத்தான் என்னால் படிக்க முடிந்தது. 25,000 என்ற எண்ணோ கடை வாசலிலிருந்தே தெரியும் அளவுக்குப் பெரியது.

அந்த எண் எதைக் குறிக்கிறது என்று தேடிப் படித்த பின்புதான் என் வருத்தம் கோபமாக மாறியது. பெரும்பாலும் அது, ஒளியுமிழும் எல்இடி சில்லுகளின் வெளிச்சம் தொடக்க நிலையின் 70 விழுக்காடாகக் குறைய எவ்வளவு காலமாகும் என்பதன் மதிப்பீடு. எல்எம்-80 என்ற முறைப்படி சில்லுகளைக் குறைந்தது 6,000 மணி நேரம் ஆய்வகத்தில் எரித்துப் பார்த்து, டிஎம்-21 என்ற கணக்கீட்டின் துணையால் அதிகபட்சம் ஆறு மடங்கு வரை அதை நீட்டிக் கூறலாம். அறிவியல் முறையில் இதில் குறை காண எனக்குத் தகுதியில்லை. சில்லைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் வீடுகளில் பழுதாகும் பல்புகளில் பலவற்றில் சில்லு போவதற்கு முன்பே, அதற்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் டிரைவர் போய்விடுகிறது. டிரைவரில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சிறு உறுப்பான மின்பகுளி வகை மின்தேக்கியின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி உயரும்போது ஏறத்தாழப் பாதியாகும் என்பது உங்கள் பொறியாளர்கள் அனைவரும் அறிந்த விதி. மூடிய குடுவைக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை என்பதும் அவர்கள் அறியாததல்ல. சில்லின் ஆயுளைப் பெரிதாக எழுதி, டிரைவரின் ஆயுளைப் பற்றி மௌனம் காப்பது, அச்சாணி எத்தனை காலம் தாங்கும் என்று சொல்லாமல் சக்கரத்தின் உறுதியைச் சொல்லி வண்டியை விற்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: பெட்டியில் எழுதும் ஆயுட்காலம், டிரைவரையும் உள்ளடக்கிய முழு விளக்கின் ஆயுட்காலமாக இருக்க வேண்டும், அது மூடிய குடுவைக்குள் எவ்வளவு என்பதும் அதே அளவு எழுத்தில் அச்சிடப்பட வேண்டும்.

இதைச் செய்ய இயலாது என்று சொல்வதற்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிலிப்ஸ் நிறுவனம் 2016இல் துபாய் நகராட்சியுடன் இணைந்து வாட்டுக்கு 200 லூமென் தரும் பல்பை அறிமுகப்படுத்தியது. கூடுதலான எல்இடி இழைகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்த மின்னோட்டம் கொடுத்து, வெப்பத்தைக் குறைத்து ஆயுளைக் கூட்டிய வடிவமைப்பு அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், விளக்குப் பொருத்துகளில் உள்ள ஒளிமூலத்தையும் டிரைவரையும் பொதுவான கருவிகளாலேயே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்கின்றன. தொழில்நுட்பக் காரணம் காட்டி விலக்குப் பெற வழி உண்டென்றாலும், கொள்கை தெளிவாக இருக்கிறது. மினுங்கலுக்கும் அவ்விதிகளில் வரம்பு உண்டு. முடியும் என்பது நிரூபணமாகிவிட்ட ஒன்றை, எல்லா வீடுகளுக்கும் ஏன் தரக்கூடாது?

இவ்விடத்தில் ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 1924இல் உலகின் பெரிய பல்பு நிறுவனங்கள் ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை அமைத்து, குண்டு பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைக்க உடன்பட்டன. அதைவிட நீண்ட நேரம் எரியும் பல்புகளைச் செய்த உறுப்பினர்களிடம் அபராதமும் வசூலித்தன. உங்கள் மீது அப்படியொரு குற்றத்தை நான் சுமத்தவில்லை, அதற்கான சான்றும் என்னிடம் இல்லை. எனினும், நல்ல நிலையில் உள்ள சில்லுகளோடு, அலுமினியத்தோடு, பசைவைத்து ஒட்டிய மூடியோடு, சிறிய ஒரு மின்தேக்கிக்காக முழுப் பல்பையும் மின்கழிவில் போடும்போது, சிக்கனத்தின் பெயரால் நடந்த இம்மாற்றத்தில் சிக்கனம் மின்கட்டணத்தோடு நின்றுவிட்டதோ என்ற ஐயம் எழுகிறது. பொருளைத் திறக்க முடியாதபடி செய்வது, திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்பது, உதிரி கிடைக்காது என்பது ஆகிய மூன்றும் இன்று வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களிலும் வழக்கமாகிவிட்டன. விளக்கிலாவது அது வேண்டாம்.

என் சொற்கள் கடுமையாக இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன். பழைய பல்புக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை, திரும்பவும் மாட்டேன். தர அமைப்புகளின் பொறுப்பாளர்களை நான் பணிவோடு கேட்பது, முழு விளக்கைச் சோதித்துப் பெற்ற ஆயுட்காலத்தை மட்டுமே பெட்டியில் அச்சிட அனுமதிக்குமாறு விதியைத் திருத்த வேண்டும் என்பதே. உற்பத்தியாளர்களை நான் கேட்பது, அவ்விதி வரும்வரை காத்திராமல் முழு விளக்கின் ஆயுளை இப்போதே எழுதத் தொடங்க வேண்டும் என்பதும், உற்பத்தியான மாதத்தையும் ஆண்டையும் பல்பின் கழுத்திலேயே அழியாதபடி பொறித்து, மங்கிய ரசீதைக் காரணம் காட்டி எவரையும் திருப்பி அனுப்பாமல் அந்தத் தேதியைக்கொண்டே உத்தரவாதத்தை ஏற்க வேண்டும் என்பதுமே. இவ்விரண்டிற்கும் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டு விளக்குகள் அனைத்தையும் எல்இடிக்கு மாற்றிய ஒரு நுகர்வோர்